வீட்டுக்குள் அறைக்கு அறை நெட்வொர்க் கேபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட்டர் வாசல் பக்கம். மேசையும் கணினியும் பின்னறையில். நடுவில் மூன்று சுவர். இந்த மூன்று சுவரைத் தாண்டுவது எப்படி என்று நண்பர்களும் உறவினர்களும் கேட்டதையெல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் தொழில்முறை எலெக்ட்ரீஷியன் இல்லை. என் வீட்டுக்கும் தெரிந்தவர்கள் வீட்டுக்கும் கேபிள் இழுத்து, சில இடங்களில் சொதப்பி, மறுபடி இழுத்துக் கற்றுக்கொண்டவன். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்த கேபிள் வாங்குவது என்றுதான் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். அது பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம். கேபிள் போகிற பாதைதான் வேலை.

வைஃபையே நன்றாகத்தான் வருகிறது. கேபிள் எதற்கு?

நன்றாக வந்தால் இழுக்காதீர்கள். போனுக்கும் டேப்லெட்டுக்கும் வைஃபை போதும். ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சாதனங்களுக்குத்தான் கேபிள்: மேசைக் கணினி, டிவி, கேம் கன்சோல், கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி, கண்காணிப்பு கேமரா.

வைஃபையில் காற்றுதான் எல்லோருக்கும் பொதுச் சாலை. ஒரு சாதனம் பேசும்போது அதே சேனலில் இருக்கும் மற்றவை பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனலில் இருந்தால் அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். கேபிளில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி வழி, போக்கும் வரத்தும் ஒரே நேரத்தில் நடக்கும். வேகப் பரிசோதனையில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டலாம். ஆனால் வீடியோ அழைப்பில் குரல் திக்குவது, விளையாட்டில் எதிராளி திடீரென்று இடம் மாறித் தெரிவது இதெல்லாம் தாமதம் ஏறி இறங்குவதால் வருவது. வீட்டுக்குள் கேபிளில் அந்தத் தாமதம் 1 மில்லிவினாடிக்குள் ஆடாமல் நிற்கும்.

டிவியும் கணினியும் கேபிளுக்குப் போய்விட்டால் போன்களுக்கு வைஃபையில் கூட்டம் குறையும். கேபிள் போட்ட பிறகு வைஃபையும் நன்றாகிவிட்டது என்று ஆச்சரியப்படுகிறவர்கள் நிறைய.

கேட்5இ, கேட்6, கேட்6ஏ. எதை வாங்குவது?

கேட்6. (கேட் என்பது கேட்டகரி, அதாவது கேபிளின் தர வகை.) சுவருக்குள் போவதென்றால் யோசிக்காமல் அதையே வாங்கலாம்.

விவரம் வேண்டுமென்றால்: கேட்5இ, 100 மீட்டர் தூரத்துக்கு 1 ஜிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்) வேகத்தைத் தரும். 2016-இல் வந்த தரநிலைப்படி அதே கேபிளில் 2.5 ஜிகாபிட்டும் ஓடும். ஆகவே வீட்டில் ஏற்கெனவே கேட்5இ இருந்தால் பிடுங்கி எறிய வேண்டாம். கேட்6-இல் 10 ஜிகாபிட் ஏறக்குறைய 55 மீட்டர் வரை போகும். ஒரு வீட்டுக்குள் அந்த நீளத்தைத் தாண்டுவது அபூர்வம். கேட்6ஏ முழு 100 மீட்டருக்கும் 10 ஜிகாபிட் தரும். ஆனால் தடிமன் அதிகம், விறைப்பும் அதிகம், ஒடுங்கிய சுவர்ப் பெட்டிக்குள் மடக்கி வைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

கேட்7, கேட்8 என்றெல்லாம் விற்கிறார்களே, எண் கூடினால் நல்லதுதானே?

வீட்டுக்கு இல்லை. கேட்8 சர்வர் அறைகளுக்காக வந்தது. அதன் எல்லையே 30 மீட்டர்தான். கேட்7-க்கு முறைப்படி வகுக்கப்பட்ட இணைப்பி நாம் பயன்படுத்தும் ஆர்ஜே45 கிடையாது. அதனால் சாதாரண ஆர்ஜே45 பிளக்கை மாட்டி "கேட்7" என்று விற்கும் கேபிளில் அந்தப் பெயருக்குப் பெரிய அர்த்தம் இல்லை. தட்டையான நாடா மாதிரி வரும் கேபிள்களில் இந்த விளையாட்டு அதிகம். உள்ளே இருக்கும் கம்பிகள் தலைமுடி கணக்காக இருக்கும்.

முழுச் செம்பு கேபிள்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கேட்பவர் விவரமானவர். கேபிளில் நடக்கும் பெரிய ஏமாற்று இதுதான். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு கொடுத்து, பெட்டியில் மூலையில் "சிசிஏ" என்று மூன்றெழுத்தில் போட்டிருப்பார்கள். சில பெட்டிகளில் அதுவும் இருக்காது.

ஒரு கம்பியின் தோலை உரித்து, பிளேடால் மேற்பரப்பைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம். ஆறேழு முறை முன்னும் பின்னும் மடக்கினால் செம்பு தாங்கும், அலுமினியம் சீக்கிரம் முறிந்து கையோடு வரும். பெட்டியைத் தூக்கினாலே தெரியும். 305 மீட்டர் முழுச் சுருள் கனமாக இருக்க வேண்டும், "அட, லேசாக இருக்கிறதே" என்று தோன்றினால் வைத்துவிட்டு வாருங்கள்.

அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். குறைந்த தூரத்தில் ஓடுவது போலத்தான் இருக்கும். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும்போது சூடேறும். ஜாக்கில் (சுவர் சாக்கெட்டில்) அழுத்திப் பொருத்திய இடத்தில் ஓரிரு வருடத்தில் தொடர்பு விட்டுவிட்டு வரும். நான் முதல் முறை இழுத்தது இந்த ரகம். சுவருக்குள் போனபின் தெரிந்து என்ன பயன்?

சாலிட், ஸ்ட்ராண்டட் என்று இரண்டு வகை சொல்கிறார்களே?

சாலிட் என்றால் ஒவ்வொரு வயரிலும் ஒற்றைக் கம்பி. சுவருக்குள் நிரந்தரமாகப் படுத்திருக்க அதுதான் சரி. ஸ்ட்ராண்டட் என்றால் பல மெல்லிய இழைகளை முறுக்கியது. வளைந்து கொடுக்கும். சுவர் சாக்கெட்டிலிருந்து கணினிக்குப் போகும் சிறிய பேட்ச் கார்டு இந்த வகை. இடம் மாற்றிப் போட்டால் ஒன்று முறியும், மற்றொன்றில் தூரம் குறையும்.

உலோக உறை போட்ட ஷீல்டு கேபிள் வேண்டுமா?

வேண்டாம். ஷீல்டு வேலை செய்ய அதை முறையாக எர்த்துடன் இணைக்க வேண்டும். ஜாக், பிளக், பேட்ச் பேனல் (கேபிள்கள் வந்து சேரும் சாக்கெட் பலகை) எல்லாமே ஷீல்டு வகையாக இருக்க வேண்டும். அது பாதியில் அறுந்து தொங்கினால் உறை இருந்தும் பயனில்லை, நிலைமை மோசமாகவும் கூடும். வீட்டில் சாதாரண யுடிபி, அதாவது ஷீல்டு இல்லாத கேபிள், போதும்.

எவ்வளவு நீளம் வரை இழுக்கலாம்?

100 மீட்டர். அதில் சுவருக்குள் 90, இரு முனைப் பேட்ச் கார்டுகளுக்கும் சேர்த்து 10 என்பது கணக்கு. வாங்கும்போது அளந்த நீளத்தோடு தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறைக்கு அறை எட்டு மீட்டர்தான் என்று நினைப்போம். சுவரில் ஏறி, மேலே ஓடி, மறுபடி இறங்கும்போது பதினைந்தைத் தொட்டிருக்கும். பெரும்பாலான கேபிளின் உறையில் மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். இழுக்கும் முன் ஒரு முனையின் எண்ணையும் முடிந்தபின் மறுமுனையின் எண்ணையும் குறித்துக்கொண்டால் சுவருக்குள் எத்தனை மீட்டர் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பாதையை எப்படி முடிவு செய்வது?

கையில் கேபிளே இல்லாமல் வீட்டை ஒரு சுற்று நடந்து வாருங்கள். முன்னோர் விட்டுச்சென்ற ஓட்டைகளைத் தேடுங்கள். பழைய தொலைபேசி வயர் வந்த பைப், டிவி ஆன்டெனா வயர் நுழைந்த துளை, ஏசிக்காகப் போட்ட துளை, மேற்கூரைக்கும் பொய்க்கூரைக்கும் இடையிலுள்ள வெளி, அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவர், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மூலை. ஒரு துளை கிடைத்தாலே பாதி வேலை குறைந்துவிடும்.

மர ஃபிரேமும் பலகையும் கொண்ட சுவரென்றால் உள்ளே காலி இடம் இருக்கும். மேலிருந்து கீழே கேபிளை இறக்கலாம், குறுக்குக் கட்டை தடுக்காதவரை. செங்கல், கான்கிரீட் சுவரில் மூன்றே வழி: ஏற்கெனவே உள்ள பைப்; சுவரை வெட்டிப் புதுப் பைப் பதிப்பது; சுவருக்கு வெளியே பிவிசி கேசிங் ஒட்டி அதற்குள் விடுவது. மூன்றாவதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஸ்கர்ட்டிங் மேல் விளிம்பை ஒட்டியோ கதவு நிலையை ஒட்டியோ நேர்க்கோட்டில் போட்டு, சுவரின் நிறத்தையே அடித்துவிட்டால் ஒரு வாரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கே அது கண்ணில் படாது. கோணலாகப் போட்டால் வாழ்நாள் முழுவதும் அதுதான் தெரியும்.

சுவரைத் துளைக்கும்போது தூண், பீம் பக்கம் போகாதீர்கள். உள்ளே கம்பி இருக்கும், கட்டடத்தைத் தாங்குவதும் அதுதான். மின் ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்திருக்கும். வெளிச்சுவரில் துளை போட்டால் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரியட்டும். கேபிளும் துளைக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது.

வளைவுகளில் கேபிளை முறிக்கக் கூடாது. கேபிளின் விட்டத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு ஆரம் வேண்டும். கேட்6-க்கு ஏறக்குறைய 2.5 செ.மீ.

மின் வயர் போகும் பைப்பிலேயே இதையும் விடலாமா? இடம் இருக்கிறதே.

கூடாது. எல்லோரும் சொல்லும் காரணம் இரைச்சல்: மின் வயரிலிருந்து குறுக்கீடு வரும் என்பது. அது உண்மைதான், ஆனால் இரண்டாவது காரணம். முதல் காரணம் உயிர். பைப்புக்குள் மின் வயரின் தோல் எங்காவது உரிந்து கம்பி வெளியே தெரிந்தால், நெட்வொர்க் கேபிள் வழியாக மெயின் மின்சாரம் உங்கள் மடிக்கணினியின் உலோக உடம்பு வரைக்கும் வரலாம். பல நாடுகளில் விதியே இதைத் தடுக்கிறது. ஒரே சுவர்ப் பெட்டிக்குள், நடுவில் தடுப்பு இல்லாமல், இரண்டையும் வைப்பதும் இதே கதைதான்.

இணையாக ஓட வேண்டியிருந்தால் ஒரு சாண், அதாவது 20 செ.மீ. தள்ளி ஓடட்டும். குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் 90 டிகிரி கோணத்தில் தாண்டுங்கள்.

பழைய பைப்பில் கேபிளை எப்படி இழுப்பது?

முதலில் அந்தப் பகுதிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். தொலைபேசிப் பைப் என்று நினைத்தது மின் பைப்பாக இருக்கலாம்.

உள்ளே பழைய தொலைபேசி வயர் இருந்தால் அதை லேசாக இழுத்துப் பாருங்கள். மறுமுனை அசைந்தால் அதிர்ஷ்டம், அதுவே உங்கள் இழுகயிறு. அசையவில்லை என்றால் வழியில் எங்கோ ஆணியடித்தோ சிமென்ட் பிடித்தோ இருக்கிறது.

எதுவுமே இல்லாத காலிப் பைப்பில் வயர் இழுக்கும் நைலான் கம்பியை விடலாம். இரண்டு மூன்று வளைவுகளில் அது முட்டி நிற்கும்போது எனக்குக் கைகொடுத்தது வேக்குவம் கிளீனர். பிளாஸ்டிக் பையில் கைக்குட்டை அளவுத் துண்டை வெட்டி, லேசாகச் சுருட்டி, மெல்லிய நைலான் நூலில் கட்டி, பைப்பின் ஒரு வாயில் நுழைத்துவிடுங்கள். மறுவாயில் வேக்குவம் குழாயை வைத்து, சுற்றிலும் காற்று புகாமல் ஈரத்துணியால் அடைத்து, ஓடவிடுங்கள். கையிலிருக்கும் நூல்கண்டு கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கும். சில வினாடியில் மறுபக்கம் "பொத்" என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் வந்து சேர்ந்துவிட்டது. அந்த நூலால் உறுதியான கயிற்றை இழுத்து, கயிற்றால் கேபிளை இழுக்க வேண்டும். மெல்லிய நூலால் நேரடியாகக் கேபிளை இழுத்தால் நடுவில் அறும்.

கேபிளைக் கயிற்றோடு கட்டும் விதத்தில்தான் வெற்றி இருக்கிறது. வெளி உறையை ஒரு சாண் நீளத்துக்கு உரித்து, உள்ளே இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் நான்கு கம்பி ஜோடிகளில் இரண்டை வெட்டிவிட்டு, மீதி இரண்டைக் கயிற்றின் கண்ணியில் கோத்து மடக்கி முறுக்குங்கள். அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை முன்னே மெலிந்து பின்னே தடிப்பதாக, ஈட்டி முனை மாதிரி, வழவழப்பாகச் சுற்றுங்கள். முடிச்சு துருத்திக்கொண்டு இருந்தால் அது முதல் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும்.

இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுக்க, மற்றவர் கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் உள்ளே ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். "இழு", "நிறுத்து" என்று இரண்டே சொல் போதும். இழுவிசைக்கு எல்லை ஏறக்குறைய 11 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். கால் ஊன்றிப் பல்லைக் கடித்து இழுக்கிறீர்கள் என்றால் அது எல்லை தாண்டிவிட்டது. உள்ளே ஜோடிகளின் முறுக்கு நீண்டுபோகும், கேபிள் பார்க்க நன்றாக இருக்கும், வேகம் மட்டும் வராது. பின்னுக்கு ஒரு அடி விட்டு மறுபடி முயலுங்கள்.

அப்புறம், கேபிளோடு கூடவே ஒரு காலிக் கயிற்றையும் சேர்த்து இழுத்து, பைப்புக்குள்ளேயே விட்டுவிடுங்கள். அடுத்த கேபிளை இழுக்கும்போது இந்த வேக்குவம் வைபவம் எதுவும் வேண்டியிருக்காது.

ஒரு பைப்பில் எத்தனை கேபிள் போகும்?

20 மி.மீ. பைப்பில் இரண்டு, நெருக்கினால் மூன்று. 25 மி.மீ. பைப்பில் நான்கைந்து. பைப்பின் உள் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது. புதிதாகப் பைப் பதிக்கிறவர்கள் 25-க்குக் கீழே போகாதீர்கள்.

ஓர் அறைக்கு ஒரு கேபிள் போதாதா?

இரண்டு இழுங்கள். ஒன்று இழுக்கப்படும் பாடும் இரண்டு இழுக்கப்படும் பாடும் ஒன்றுதான். ஒன்றில் கோளாறு வந்தால் மற்றது கைகொடுக்கும். டிவி இருக்கும் சுவருக்கு மூன்றும் அதிகமில்லை. எல்லாக் கேபிளும் ரூட்டர் இருக்கும் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று தொடராக இழுக்காதீர்கள். இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள், இழுத்த அன்றைக்கே. "ஞாபகம் இருக்கும்" என்பது இருக்காது.

முனையில் நேரடியாக பிளக் மாட்டலாமா, சுவரில் சாக்கெட் வைக்க வேண்டுமா?

சாக்கெட். சுவருக்குள் இருக்கும் சாலிட் கேபிளை வெளியே நீட்டி, பிளக் மாட்டி, தினமும் ஆட்டி வளைத்தால் கம்பி ஒருநாள் முறியும். கீஸ்டோன் ஜாக் என்ற சிறிய சாக்கெட்டில் கம்பிகளை அதற்குரிய பன்ச் டவுன் கருவியால் அழுத்தினால் உள்ளேயிருக்கும் உலோகப் பிளவு தோலைக் கிழித்து செம்பைக் கவ்விக்கொள்ளும். பிளக் கிரிம்ப் செய்வதைவிட இது உண்மையில் சுலபம். சாக்கெட்டிலிருந்து கணினிக்குக் கடையில் வாங்கிய பேட்ச் கார்டு. அது கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். பெட்டிக்குள் ஒரு முழ நீளக் கேபிளைச் சுருட்டி வைத்துவிடுங்கள், இரண்டாம் முறை வெட்டி மாட்டத் தேவைப்படும்.

பிளக்தான் மாட்டியாக வேண்டும் என்றால், அது கேட்6-க்கும் சாலிட் கம்பிக்கும் ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள். வெளி உறை பிளக்கின் உள்ளே போய்க் கடிபட்டிருக்க வேண்டும். உறை வெளியே நின்று வண்ணக் கம்பிகள் தெரிந்தால் அதை வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

நிற வரிசை ஏ-யா, பி-யா? இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் எந்த வரிசையாக இருந்தாலும் போதும் என்கிறார்களே?

எட்டு வண்ணக் கம்பிகளையும் மாட்டுவதற்குத் தரநிலை வரிசைகள் இரண்டு: டி568ஏ, டி568பி. ஏ, பி இரண்டில் எதுவானாலும் சரி. ஆனால் "எந்த வரிசையாக இருந்தாலும்" என்பது தப்பு. இதில் மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

டி568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஏ வரிசையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவே. வீடு முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்த்தீர்களா, பச்சை ஜோடி மட்டும் பிரிந்து 3-ஆம் இடத்திலும் 6-ஆம் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நீலம் புகுந்திருக்கிறது. "ஜோடி ஜோடியாக வரிசையாக வைத்தால் அழகாக இருக்குமே" என்று ஒருவர் மாற்றி வைத்துவிடுகிறார். இரு முனையிலும் அதே மாதிரி. கேபிள் டெஸ்டரில் (எட்டுக் கம்பியும் முனைக்கு முனை சேர்ந்திருக்கிறதா என்று விளக்கால் காட்டும் கருவி) 1 முதல் 8 வரை விளக்குகள் சமர்த்தாக எரியும். ஆனால் இணைப்பு தள்ளாடும், சில நேரம் வரவே வராது.

காரணம் முறுக்கில் இருக்கிறது. ஒரு சமிக்ஞை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது. இரண்டும் முறுக்கிக்கொண்டே போவதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் ஏறக்குறையச் சமமாக விழும். பெறும் முனை இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். ஒரு துண்டுக் கேபிளை உரித்துப் பாருங்கள். நான்கு ஜோடிகளும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்காமல் இருப்பதற்காக. 3, 6 ஆகியவற்றுக்கு வெவ்வேறு ஜோடியிலிருந்து ஆளுக்கொரு கம்பியைக் கொடுத்தால் இந்த ஏற்பாடு முழுக்கக் குலைகிறது. ஜாக்கில் மாட்டும்போது முறுக்கை 13 மி.மீ.-க்கு மேல் பிரிக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது. ஆனால் வேகம் 90-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

90 அல்லது 94 எம்பிபிஎஸ் என்ற எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், இணைப்பு 100-இல் நிற்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ தொடர்பு சரியில்லை என்றால் இரு முனைச் சாதனங்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. என் வீட்டில் ஒரு ஜாக் இப்படி ஆறு மாதம் ஓடியது. டெஸ்டரில் வைத்தபோது தொட்டுக்கொண்டிருந்த பழுப்புக் கம்பி, பெட்டிக்குள் மடக்கித் திருகியபோது விட்டிருக்கிறது.

பேட்ச் கார்டை மாற்றிப் பாருங்கள். பிறகு இரு முனை ஜாக்கையும் மறுபடி அழுத்துங்கள். ரூட்டரின் துளையோ பழைய நெட்வொர்க் ஸ்விட்சோ (ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டி) 100 மட்டுமே தரும் ரகமா என்பதையும் பார்க்க வேண்டும்.

டெஸ்டர் கம்பி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. இரு முனையிலும் கணினி வைத்து ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் ஜிகாபிட் இணைப்பில் 940 எம்பிபிஎஸ் சுற்றி வர வேண்டும். இணைய வேகப் பரிசோதனையை வைத்துக் கேபிளை எடைபோடாதீர்கள், அதில் சேவை நிறுவனத்தின் வேகமும் கலந்திருக்கும்.

ரூட்டரில் நான்கு துளைதான் இருக்கிறது. ஆறு கேபிள் வந்து நிற்கிறது.

எட்டுத் துளை ஜிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று போதும், அமைப்பு எதுவும் செய்ய வேண்டாத சாதாரண ரகம். ரூட்டரிலிருந்து அதற்கு ஒரு கேபிள், மற்றவை எல்லாம் அதில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடாதீர்கள். தொங்கிக்கொண்டிருந்த ஒரு முனையை, பாவம் அநாதையாகக் கிடக்கிறதே என்று நான் ஒருநாள் காலித் துளையில் செருகினேன். சாதாரண ஸ்விட்சில் தகவல் பொட்டலங்கள் அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில வினாடிகளில் மொத்த வீட்டின் நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. விளக்குகள் மட்டும் திருவிழா மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. இணைய நிறுவனத்தைத் திட்டியபடி ஒரு மணி நேரம் கழித்த பிறகுதான் என் கைவேலை என்று புரிந்தது.

பின்னறையில் வைஃபையும் வேண்டும். பழைய ரூட்டரை அங்கே வைக்கலாமா?

தாராளமாக. அதை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு (கேபிளில் வருவதை வைஃபையாகத் தருவது மட்டுமே வேலை என்ற நிலை) மாற்றுங்கள். அப்படி ஒரு வசதி அதில் இல்லையென்றால் டிஎச்சிபி-யை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, முதல் ரூட்டரின் முகவரியோடு மோதாத வேறு முகவரி கொடுத்து, வான் (இணையம் வரும்) துளையில் இல்லாமல் லான் (வீட்டுச் சாதனங்களுக்கான) துளையில் கேபிளைச் செருகுங்கள். இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வெவ்வேறு சேனல். ரிப்பீட்டர் வைத்து அவதிப்படுகிறவர்களுக்குக் கேபிள் இழுப்பதில் கிடைக்கும் பெரிய நிம்மதி இதுதான்.

கேமராவுக்குத் தனி மின் வயர் இழுக்காமல் முடியுமா?

முடியும். பிஓஇ முறையில் அதே கேபிளில் மின்சாரமும் போகும். 2003-இல் வந்த முதல் தரநிலையில் ஒரு துளைக்கு 15.4 வாட், 2009-இல் 30, 2018-இல் 90 வரை. சாதாரண கேமராவுக்கு முதல் அளவே போதும். தரநிலைக்கு உட்பட்ட ஸ்விட்ச், மறுமுனையில் இருப்பது மின்சாரம் ஏற்கும் சாதனமா என்று சோதித்த பிறகே மின்சாரம் விடும். "பாசிவ்" என்று போட்டிருக்கும் மலிவு அடாப்டர்கள் கேட்காமலே விடும். தவறான சாதனத்தில் செருகினால் அது போச்சு.

தோட்டத்தைத் தாண்டி இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுக்கலாமா?

நான் இழுக்க மாட்டேன். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே அழுத்தத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அருகில் எங்காவது மின்னல் இறங்கினாலும் நீளமான செம்புக் கம்பி அதன் அதிர்ச்சியை வாங்கி இரு பக்கச் சாதனங்களிலும் கொட்டிவிடும். அந்த இடத்தில் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. முனை மாட்டியே விற்கும் கேபிளும், ஃபைபரை நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றித் தரும் பெட்டி இருபுறமும் ஒன்றும் போதும்.

அதே கட்டடத்தின் வெளிச்சுவரில் கொஞ்ச தூரம் போவதென்றால், வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிளை வாங்குங்கள். உள்ளே போடும் கேபிளின் உறை வெயிலில் வெளிறி வெடித்துவிடும்.

வாடகை வீடு. ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது.

ஸ்கர்ட்டிங் ஓரமாக, கழற்றும்போது பெயின்ட் உரியாத ஒட்டுக் கொக்கிகளில் கேபிளை ஓட்டலாம். கதவடியில் மட்டும் தட்டைக் கேபிள். கதவு அதை நசுக்குகிறதா என்று மூடிப் பாருங்கள்.

அதுவும் முடியாது என்றால், சுவரில் ஏற்கெனவே டிவிக்கான கோஆக்ஸ் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இரு முனையிலும் மோகா அடாப்டர் மாட்டினால் அது கிட்டத்தட்ட நெட்வொர்க் கேபிள் மாதிரியே நடந்துகொள்ளும். மோகா 2.5 வகை 2.5 ஜிகாபிட் வரை போகும். மின் வயர் வழியாகவே தகவல் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் கடைசி வழி. பெட்டியில் போட்ட வேகம் வராது. மோட்டார் ஓடும்போதும் மலிவான சார்ஜர் செருகும்போதும் தடுமாறும், இரு அறையும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் இன்னும் சோதிக்கும்.

ஆள் வைத்துச் செய்யலாமா?

சுவர் வெட்டுவது, மின் போர்டைத் திறப்பது என்றால் ஆள் வையுங்கள். மின் வேலையில் தேர்ந்த எலெக்ட்ரீஷியன் பலருக்கு நெட்வொர்க் கேபிள் இன்னொரு வயர்தான். விளக்கு வயர் மாதிரி முறுக்கி ஒட்டுப்போட்டு டேப் சுற்றிவிடுவார்கள். பைப்பையும் இழுப்பையும் அவரிடம் விட்டு, ஜாக் மாட்டுவதை நீங்களே செய்துகொள்வது நல்ல பங்கீடு. நடுவில் ஒட்டே இருக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படம் மாட்ட ட்ரில் போட்டபோது சுவருக்குள் இருந்த கேபிள் அறுந்துவிட்டது. ஒட்டுப்போடலாமா?

கம்பியைக் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றுவது வேலைக்காகாது. அறுந்த இடத்தைத் திறந்து, அங்கே ஒரு சுவர்ப் பெட்டி வைத்து, இரு முனையிலும் ஜாக் மாட்டி, குட்டிப் பேட்ச் கார்டால் சேர்த்துவிட்டால் ஜிகாபிட் ஓடும். பார்க்க அழகில்லை.

கேபிள் பைப்புக்குள் இருந்தால் வேறு வழி இருக்கிறது. இழுத்த அன்று பைப்பில் விட்டுவைத்த அந்தக் காலிக் கயிறு ட்ரில்லுக்குத் தப்பியிருந்தால், அறுந்த கேபிளின் இரு துண்டையும் இரு பக்கமாக உருவிவிட்டு, புதுக் கேபிளைக் கயிற்றில் கட்டி இழுங்கள். இந்த முறையும் கூடவே இன்னொரு கயிறு போகட்டும். படத்தை அரை அடி தள்ளி மாட்டிக்கொள்ளுங்கள்.